காது மிஷினுக்கு ஒரு பேட்டரி

பெரியம்மாவின் காது மிஷினில் போடும் பேட்டரி சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. மேலே ஒட்டியிருக்கும் வண்ணத்தாளை உரித்ததும் காற்றில் உள்ள ஆக்சிஜன் உள்ளே போய் அது வேலை செய்யத் தொடங்கும். உரித்தவுடனே போட்டுவிடக் கூடாது, ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்திருக்க வேண்டும். ஒருமுறை உரித்துவிட்டால் பிறகு நிறுத்தி வைக்கவும் முடியாது. ஒரு வாரம் ஓடும், கூடிப்போனால் பத்து நாள். 2020-இல் எங்கள் நகரத்தில் எல்லாம் மூடப்பட்ட அன்று அவரிடம் நான்கு பேட்டரிகள் இருந்தன. இரண்டு காதுக்கும் போட்டால் இரண்டு வாரத்துக்கு வரும்.

அந்த இரண்டு வாரம் முடிந்த பிறகு நடந்ததைத்தான் எழுத நினைக்கிறேன். பெருந்தொற்றுக் காலத்தைப் பற்றி எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. பலருடைய கதை என்னுடையதைவிடக் கொடியது, அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு சேவை 'கிடைக்கிறது' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதை எனக்குப் புரிய வைத்தது இந்தச் சின்ன விஷயம்தான். இத்தனை ஆண்டு கழித்தும் அது மனதை விட்டுப் போகவில்லை.

பெரியம்மாவுக்கு அப்போது 76 வயது. பெரியப்பா போன பிறகு தனியாகத்தான் இருந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். காது மிஷின் இல்லாவிட்டால் பக்கத்தில் நின்று பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்வார், மீதியை ஊகித்துக்கொள்வார். நான் நகரத்தின் மறுகோடியில் இருந்தேன். வாரம் இருமுறை பேருந்து பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அவருக்கு எதுவும் குறைவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜனவரி 30 அன்று பன்னாட்டு அவசரநிலையை அறிவித்தது. மார்ச் 11 அன்று இதைப் பெருந்தொற்று என்றது. ஏப்ரல் முதல் வாரத்துக்குள் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு பட்டியல் வந்தது. எவை அத்தியாவசியம், எவை இல்லை. எங்களுக்கும் ஒன்று வந்தது. மருந்துக்கடை, மருத்துவமனை, மளிகை, வங்கி, தபால் எல்லாம் திறந்திருக்கும். அதைப் படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெரியம்மாவுக்குத் தேவையான எல்லாமே அதில் இருந்தன. அவருக்கு போன் செய்து ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன்.

காது மிஷின் கடை அதில் இல்லை. கண்ணாடிக் கடையும் இல்லை. பேருந்தும் இல்லை. அன்று நான் அதைக் கவனிக்கவே இல்லை.

முதலில் பேட்டரி தீர்ந்தது. வலது காதில் மட்டும் போட்டுச் சில நாள் ஓட்டினார், பிறகு அதுவும் நின்றது. மருந்துக்கடையில் அந்த அளவுப் பேட்டரி வைத்திருக்கவில்லை. இணையத்தில் பதிவு செய்தேன். அத்தியாவசியப் பொருள்களுக்கு முன்னுரிமை தருவதால் மூன்று வாரம் ஆகும் என்று பதில் வந்தது. சரி, மூன்று வாரம்தானே என்று நினைத்தேன்.

ஆனால் அந்த மூன்று வாரத்தில்தான் எல்லாச் சேவைகளும் போனுக்குள் போய்விட்டிருந்தன. மருத்துவர் நேரில் பார்ப்பதில்லை, போனில் பேசுவார். மருந்துக்கடைக்கு முன்கூட்டியே போன் செய்து சொல்லிவைக்க வேண்டும். வங்கிக்குப் போவதற்கும் போனில் நேரம் வாங்க வேண்டும். நேரில் வர முடியாதவர்களை நினைத்துச் செய்த ஏற்பாடு அது. காது கேட்காத ஒருவரிடம் போனில் பேசச் சொல்கிறோம் என்பது அதைச் செய்தவர்களுக்குத் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே. நான் போன் செய்தால் எடுப்பார். "கேக்கலை கண்ணு, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். அந்த ஒரே வாக்கியம், நான்கு நாளாக. நானும் அதை நம்பினேன். அவருக்குக் குறுஞ்செய்தி படிக்கப் பழக்கமில்லை, எழுத்து சிறிதாக இருந்தால் தெரியவும் தெரியாது.

ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டுப் பையன் என்னைக் கூப்பிட்டான். பெரியம்மாவிடம் இன்சுலின் இன்னும் மூன்று நாளைக்குத்தான் இருக்கிறதாம். மருந்துக்கடைக்குத் தானே நடந்து போயிருக்கிறார், பாதி வழியில் திரும்பிவிட்டிருக்கிறார்.

இன்சுலின் வாங்கி எங்கே வேண்டுமானாலும் அடுக்கி வைத்துக்கொள்கிற பொருள் இல்லை. திறக்காததைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்துவிட்டால் பெரும்பாலான வகைகள் நான்கு வாரம்தான் தாங்கும். அதனால் மாதாமாதம் போய் வாங்குவதுதான் அவர் வழக்கம். வீட்டிலிருந்து கடை ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். பேருந்து ஓடிய நாளில் இரண்டு நிறுத்தம். நடந்து போக வேண்டுமென்றாலும் போய்விடுவார், ஏனென்றால் பாதி வழியில் ஒரு மரத்தடி பெஞ்ச் உண்டு. அங்கே பத்து நிமிடம் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மீதியை நடப்பார். அன்று அந்தப் பெஞ்சில் யாரும் உட்காரக் கூடாது என்று மஞ்சள் நாடா சுற்றியிருந்தார்கள். கொஞ்ச நேரம் மரத்தைப் பிடித்தபடி நின்றிருக்கிறார். மீதி தூரம் நடந்தாலும் கடை வாசலில் எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்குமோ என்று பயம் வந்திருக்கிறது. திரும்பிவிட்டார்.

அந்தப் பெஞ்சை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். கூட்டம் கூடுகிறது என்பதற்காகவும், வைரஸ் பரப்புகளில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்ற அச்சத்தாலும்தான் பூங்கா இருக்கைகள், குடிநீர்க் குழாய்கள், பொதுக் கழிப்பறைகள் எல்லாவற்றையும் உலகின் பல நகரங்களில் மூடினார்கள். தொடக்கத்தில் அப்படிப் பயந்ததில் தவறில்லை. பிளாஸ்டிக்கில் மூன்று நாள்வரை வைரஸின் தடயம் இருக்கிறது என்று 2020 மார்ச்சிலேயே ஆய்வு வந்திருந்தது. ஆனால் ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றைவிடக் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. காற்றோட்டமில்லாத அறைதான் பெரிய ஆபத்து என்பது அதற்குள் தெளிவாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அந்த மரத்தடிப் பெஞ்ச் அதற்குப் பிறகும் திறக்கப்படவில்லை. ஒருநாள் பெயர்த்தே எடுத்துவிட்டார்கள்.

கால் வலிக்கிறவர்களுக்கு மருந்துக்கடையின் ஒரு பகுதி அந்தப் பெஞ்சில்தான் இருக்கிறது. வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்கு அவர்கள் வேலையின் ஒரு பகுதி பொதுக் கழிப்பறையில் இருக்கிறது. கழிப்பறை மூடியிருந்த மாதங்களில் வீடு வீடாகப் பொருள் கொண்டுவந்த பெண்களும் ஆண்களும் என்ன செய்தார்கள் என்று நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? வாசலில் பொருளை வைத்துவிட்டு அழைப்புமணியை அழுத்திவிட்டுப் போன ஒரு பெண் எங்கள் வீட்டுக் கழிப்பறையைப் பயன்படுத்தலாமா என்று கேட்கத் தயங்கி நின்றதை ஒருமுறை பார்த்தேன். காலையிலிருந்து தண்ணீரே குடிக்கவில்லை என்று பிறகு சொன்னார். குடித்தால் போக வேண்டிவரும் என்பதால்.

அன்று மாலையே சைக்கிளை எடுத்துக்கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் முகக்கவசத்தோடு இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் மறைந்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "உன் முகம் தெரியலையே" என்றார். அழுதுகொண்டே பேசினேன், அதுவும் அவருக்குத் தெரிந்திருக்காது.

காது கேட்காதவர்கள் எத்தனை பேர் என்று அதன் பிறகுதான் தேடிப் படித்தேன். சிகிச்சையோ கருவியோ தேவைப்படுகிற அளவுக்குக் கேட்கும் திறன் குறைந்தவர்கள் உலகில் 43 கோடிக்கு மேல் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அறிக்கை சொல்கிறது. உலக மக்களில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல். முகக்கவசம் அவர்களுக்கு இரட்டை இழப்பு. உதடு மறைகிறது, குரலின் உயர்சுருதி ஒலிகளும் மழுங்குகின்றன. ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை போய்விடும். இவற்றோடு இன்னொரு தொல்லையும் உண்டு. காதுக்குப் பின்னால் மாட்டும் மிஷினும் முகக்கவசத்தின் நாடாவும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். கவசத்தைக் கழற்றும்போது மிஷின் தெறித்து விழும். பெரியம்மாவின் இடது மிஷின் பின்னால் அப்படித்தான் தெருவில் விழுந்து காணாமல் போனது.

முகக்கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நானும் கடைசிவரை போட்டேன். அந்த முதல் மாதங்களில் மூடியதும் சரியென்றே நம்புகிறேன். தடுப்பூசி இல்லை, மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன, வேறு வழி தெரியவில்லை. என் மனத்தாங்கல் வேறு. மூடுவதைப் பற்றி அவ்வளவு யோசித்தவர்கள், மூடிய பிறகு ஒருவர் எப்படிப் போவார், எதில் ஏறுவார், எங்கே உட்காருவார், யாரிடம் கேட்பார் என்று அதில் பத்தில் ஒரு பங்காவது யோசித்தார்களா?

பழைய காலத்தில் யோசித்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் டார்பிஷயர் பகுதியில் ஈம் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1665-இல் லண்டனிலிருந்து வந்த துணி மூட்டையோடு அங்கே கொள்ளைநோய் நுழைந்தது. அடுத்த ஆண்டு, அந்த ஊர்ப் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும் அவருக்கு முன்பு அங்கே இருந்த தாமஸ் ஸ்டான்லியும் பேசி, யாரும் ஊரைவிட்டு வெளியே போவதில்லை என்று மக்களை முடிவெடுக்க வைத்தார்கள். எவ்வளவு பெரிய தியாகம் என்று அந்தக் கதையைப் பலரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அதிலுள்ள ஒரு கல். ஊர் எல்லையில் ஒரு பாறையில் குழிகள் தோண்டியிருந்தார்கள். குழிகளில் வினிகர் ஊற்றி அதற்குள் காசைப் போட்டுவிட்டுப் போவார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து பொருளை வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார்கள். பக்கத்திலிருந்த டெவன்ஷயர் பிரபுவும் உணவு அனுப்பினார். அந்தக் கல் இன்றும் இருக்கிறது. ஊரை அடைப்பது என்று முடிவு செய்தவர்கள் கூடவே அந்தக் கல்லையும் முடிவு செய்திருக்கிறார்கள். எந்த இடத்தில் வைப்பது, எப்படிக் கொடுப்பது, யார் வந்து எடுப்பது எல்லாம் பேசி வைத்திருக்கிறார்கள்.

எங்களுக்குக் கல்லுக்குப் பதிலாக ஒரு செயலி வந்தது. மருந்து, மளிகை, வங்கி நேரம், பின்னால் தடுப்பூசி நேரம் எல்லாம் அதில்தான். மின்னஞ்சல் வேண்டும், ஓடிபி வேண்டும், நல்ல இணையம் வேண்டும். இரவில் புதிய நேரங்கள் திறக்கும், கையில் போனோடு விழித்திருப்பவர்களுக்குக் கிடைக்கும். பெரியம்மாவின் எண்ணுக்கு வந்த ஓடிபியை அவர் எனக்குப் படித்துச் சொல்ல வேண்டும், நான் கேட்பது அவருக்குக் கேட்காது. அவர் சொல்லி முடிக்கும்போது நேரம் கடந்திருக்கும். கடைசியில் என் எண்ணையே அவர் எண்ணாகப் பதிந்தேன். அந்தக் கணத்தில் அவருடைய சேவைகளுக்கெல்லாம் நான்தான் வாசல் ஆனேன். எனக்குக் காய்ச்சல் வந்திருந்தால் அந்த வாசலும் சாத்தியிருக்கும். அது அவருக்கும் புரிந்திருந்தது. "எல்லாத்துக்கும் உன்னைக் கேக்க வேண்டியிருக்கே" என்று ஒருநாள் சொன்னபோது அவர் குரலில் இருந்த கூச்சம் என்னை மிகவும் வருத்தியது. தன் மருந்தைத் தானே வாங்கி, தன் பணத்தைத் தானே எண்ணி வாழ்ந்தவர்.

பெரியம்மா தனி ஆள் இல்லை. 2021-இல்கூட உலகில் 290 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள் என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் கணக்கிட்டது. 3 முதல் 17 வயதுள்ள குழந்தைகளில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என்று அந்த ஒன்றியமும் யுனிசெஃப்பும் 2020 இறுதியில் சொன்னார்கள். அந்த ஆண்டுதான் பள்ளிக்கூடம் முழுவதையும் இணையத்துக்கு மாற்றியிருந்தோம்.

இதுவும் புதிதில்லை. 1937-இல் சிகாகோவில் போலியோ பரவியபோது பள்ளிகளைத் திறக்காமல் வானொலியில் பாடம் நடத்தினார்கள். எந்த நேரம் எந்த வகுப்புக்கு எந்தப் பாடம் என்று செய்தித்தாள்களில் அட்டவணை வந்தது. பெற்றோர் கேள்வி கேட்க ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்தார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் வானொலி இல்லாத வீடுகளும், ஒலி சரியாகக் கிடைக்காத வீடுகளும் அன்றும் இருந்தன. அதற்கும் முன்னால் 1918-இல் இன்ஃபுளுயன்சா பரவியபோது தொலைபேசிகூட நின்று நின்றுதான் வேலை செய்தது. அப்போது ஒவ்வோர் அழைப்பையும் பரிமாற்றகத்தில் உட்கார்ந்திருந்த பெண்கள் கையால் இணைக்க வேண்டும். அவர்களே நோயில் விழுந்தார்கள். மிகவும் அவசரமென்றால் மட்டும் பேசுங்கள் என்று அமெரிக்க நகரங்களில் தொலைபேசி நிறுவனங்கள் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தன. தூரத்திலிருந்து கிடைக்கிற சேவைக்குப் பின்னாலும் எங்கோ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு உடம்பு முடியாமல் போனால் சேவையும் படுத்துவிடும்.

கண் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது விழித்திரையைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவுக்கு 2020 ஏப்ரலில் அந்தப் பரிசோதனைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அவசரமில்லாத சந்திப்புகள் ஒத்திவைக்கப்படுகின்றன, புதிய தேதி தெரிவிக்கப்படும் என்று ஒரு செய்தி வந்தது. என் போனுக்குத்தான் வந்தது. சரி என்று விட்டுவிட்டேன். தேதி வரவில்லை. நான் கேட்கவும் இல்லை. இன்சுலின், பேட்டரி, மளிகை என்று ஒவ்வொரு வாரமும் ஓர் ஓட்டம், அதில் கண் எனக்கு மறந்தே போனது. ஏழு மாதம் கழித்து, இடது கண்ணில் ஏதோ கறுப்பாக மிதக்கிறது என்றார். போனபோது உள்ளே இரத்தம் கசிந்திருந்தது. லேசர் சிகிச்சை செய்தார்கள். வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். இடது கண்ணில் இன்று வெளிச்சம் மட்டும் தெரியும்.

முன்பே பார்த்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலோடுதான் இருக்கிறேன்.

இப்படித் தள்ளிப்போனவை எத்தனை என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. 2020 ஆகஸ்டில் உலக சுகாதார நிறுவனம் 105 நாடுகளிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. அவற்றில் 90 விழுக்காடு நாடுகள், வழக்கமான மருத்துவச் சேவைகளில் ஏதாவது ஒன்றாவது தடைபட்டதாகச் சொல்லியிருந்தன. காசநோயை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் 71 லட்சம் பேர். 2020-இல் 58 லட்சம். நோய் குறைந்ததால் எண்ணிக்கை குறையவில்லை, பரிசோதனைக்கு வர முடியாததால் குறைந்தது. அந்த ஆண்டு காசநோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 15 லட்சம் பேர். பத்தாண்டுக்கு மேலாகக் குறைந்துகொண்டே வந்த சாவு எண்ணிக்கை அந்த ஆண்டுதான் மறுபடி கூடியது. அங்கெல்லாம் காசநோய்ச் சேவை பட்டியலில் இருந்திருக்கும். இருமிக்கொண்டே வெளியே வரவும் வரிசையில் நிற்கவும் மக்களுக்குப் பயமாக இருந்திருக்கும், ஏறி வரப் பேருந்து இருந்திருக்காது.

ஆனால் அந்த நாட்களில் நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நன்றி கெட்டவளாகிவிடுவேன்.

பெரியம்மாவை வாசலில் பார்த்த அன்று மாலை, இன்சுலின் வாங்க நான் சைக்கிளில் கடைக்குப் போனேன். வரிசை தெருமுனைவரை நின்றது. என் முறை வந்து பெரியம்மாவின் பெயரைச் சொன்னதும் மருந்துக்கடைக்காரர், "அவங்க ஏன் இந்த மாசம் வரலைன்னு யோசிச்சிட்டே இருந்தேன்" என்றார். நடந்ததைச் சொன்னேன். அவர் உள்ளே போய் இன்சுலினை எடுத்துவந்தார், கூடவே ஒரு சிறிய வெள்ளைப் பலகையும் எழுதுகோலும் கொண்டுவந்தார். விலைப்பட்டியல் எழுதி வாசலில் மாட்டும் பலகை. "இதை அவங்ககிட்ட குடுங்க. நான் வேற ஒண்ணு வாங்கிக்கறேன்" என்றார். மறு மாதத்திலிருந்து அவரே வாரம் ஒருநாள் கடை மூடிய பிறகு அந்தத் தெருவில் இருந்த வயதானவர்களுக்கெல்லாம் மருந்து கொண்டுபோனார். பெரியம்மா வாசலில் நின்று பலகையில் எழுதுவார், அவரும் தன் பலகையில் எழுதுவார். சர்க்கரை அளவு எவ்வளவு, தூக்கம் வருகிறதா, மகன் எப்படி இருக்கிறான் என்று இரண்டு பேரும் பலகையைத் தூக்கித் தூக்கிக் காட்டிக்கொண்டு இருந்ததை நான் ஒருமுறை பார்த்தேன்.

அந்த ஒரு கேள்வியை நான் அடிக்கடி நினைப்பேன். ஏன் இந்த மாதம் வரவில்லை. எந்தச் செயலியும் அதைக் கேட்கவில்லை. யார் வந்தார்கள் என்று அதற்குத் தெரியும். யார் வராமல் போனார்கள் என்று தெரிந்திருந்தது முப்பது ஆண்டாக அந்தக் கவுன்ட்டரில் நிற்கும் ஒரு மனிதருக்குத்தான்.

பக்கத்து வீட்டுப் பையன் செய்தது இன்னொன்று. பெரியம்மா இருந்த கட்டடத்தின் மாடிப்படி ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டினான். மூன்று கட்டம். என்ன வேண்டும், யாருக்கு வேண்டும், யார் போகிறார்கள். வெளியே போகிறவர் அதைப் பார்த்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். இரண்டு நாளில் நிரம்பிவிட்டது. கண்ணாடி உடைந்தவர், தபால் அனுப்ப வேண்டியவர், குழந்தைக்குத் தடுப்பூசி அட்டையை நகல் எடுக்க வேண்டியவர். வேண்டுமென்று எழுதியவர்களைவிடப் போகிறேன் என்று எழுதியவர்கள்தான் அதிகம். பிரிட்டனில் 2020 மார்ச்சில் தேசிய சுகாதாரச் சேவைக்கு உதவ இரண்டரை லட்சம் தன்னார்வலர்கள் வேண்டும் என்று கேட்டபோது ஏழரை லட்சம் பேர் சில நாட்களில் பெயர் கொடுத்தார்கள். பதிவையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. போக ஆள் இருந்தார்கள். யாருக்கு என்ன வேண்டும் என்பது போகிறவர் கண்ணில் படுகிற இடத்தில் எழுதியிருக்க வேண்டும், அந்த மாடிப்படியில் இருந்ததுபோல. பெரியம்மாவின் பேட்டரியும் அந்தக் காகிதத்தால்தான் வந்தது. மூன்றாம் மாடியில் இருந்தவருக்குத் தெரிந்த ஒருவர் காது மிஷின் கடை வைத்திருந்தார். மூடிய கடையைத் திறந்து, ஆறு அட்டைப் பேட்டரியை உறையில் போட்டுத் தன் வீட்டு வாசலில் வைத்தார். மூன்றாம் மாடிக்காரர் போய் எடுத்துவந்தார். இணையத்தில் பதிவு செய்தது அதற்கும் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது. மழையில் ஓரம் நனைந்து எழுத்து கலைந்திருக்கிறது. பெரியம்மாவின் பெயருக்கு நேரே மூன்று வெவ்வேறு கையெழுத்துகள்.

2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் பன்னாட்டு அவசரநிலை முடிந்தது என்று அறிவித்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு வெகுமுன்பே எல்லாம் திறந்துவிட்டன. ஆனால் சில கதவுகள் திரும்பத் திறக்கவில்லை. வங்கியில் முன்பு நான்கு கவுன்ட்டர்கள் இருந்தன, இப்போது ஒன்றுதான். எல்லோரும் செயலிக்குப் பழகிவிட்டார்கள் என்று காரணம் சொன்னார்கள். பழகாதவர்கள் அந்த ஒன்றின் முன்னால் நிற்கிறார்கள். மருத்துவமனையில் நேரம் வாங்க இன்னமும் போன்தான். எழுதிக் கேட்க ஒரு வழி வையுங்கள் என்று நானும் பெரியம்மாவைப் போன்ற இன்னும் சிலரின் பிள்ளைகளும் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தோம். குறுஞ்செய்தி அனுப்ப ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அதோடு வாசலில் ஒரு பெட்டியும் வைத்திருக்கிறார்கள், சீட்டில் எழுதிப் போடலாம். பெரியம்மா பெட்டியைத்தான் பயன்படுத்துகிறார்.

மரத்தடிப் பெஞ்சுக்கு இரண்டு ஆண்டு கேட்டோம். மாடிப்படிக் காகிதத்தில் பெயர் எழுதிய அதே ஆட்கள்தான் மாற்றி மாற்றி மனு எழுதினார்கள். கடைசியில் போட்டார்கள். கைப்பிடி வைத்த புதிய பெஞ்ச், பிடித்து எழுந்திருக்க வசதியாக.

போட்ட அந்த வாரமே பெரியம்மாவோடு மருந்துக்கடைக்கு நடந்தேன். பாதி வழியில் உட்கார்ந்தோம். நான் ஏதோ கேட்டேன், காதைத் தொட்டுக் காட்டி, தீர்ந்துவிட்டது என்று தலையாட்டினார். பையிலிருந்து பேட்டரி அட்டையை எடுத்து, வலது கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நகத்தால் தாளை உரித்தார். பேட்டரியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நானும் பேசாமல் காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஆனதும் அதை மிஷினில் போட்டு, காதில் மாட்டி, என் பக்கம் திரும்பினார்.

"இப்ப சொல்லு."